கண் கூசவில்லை என்றால் பயப்படுங்கள்

"இருக்கறதிலேயே நல்ல கறுப்பா ஒண்ணு குடுங்க."

கூலிங் கிளாஸ் வாங்க வருகிறவர்கள் முக்கால்வாசி இப்படித்தான் கேட்பார்கள். கவுன்டரில் நிற்கும் முதல் வாரத்திலேயே இது உங்கள் காதிலும் விழும். சாதாரண வார்த்தைதான். ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் யாரோ யாரிடமோ இதைச் சொல்லிக் காதில் விழுந்தால்கூட நான் திரும்பிப் பார்த்து, எதற்கு என்று கேட்டுவிடுவேன். அது ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடையாறில் திறக்கும் நம் கண்ணாடிக் கடையின் புதுக் கிளைக்கு உங்களையெல்லாம் எடுத்திருக்கிறார்கள். "அண்ணே, புதுசா வர்றவங்களுக்கு உங்க அனுபவத்துல நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று நம் முதலாளி அண்ணாச்சியின் மகன் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மயிலாப்பூர் மாடவீதிக் கடையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். பவர் பார்ப்பது, லென்ஸ் வெட்டுவது, ஃபிரேமில் மாட்டுவது எல்லாம் இப்போது மெஷின் பாதி, படித்த பிள்ளைகள் பாதி. அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு நாள் காலையில் நான் பட்ட பயம். அதை அப்படியே எழுதுகிறேன். முருகன் துணை.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியின் நிறம் வேறு, பாதுகாப்பு வேறு. நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும். கண்ணைக் கெடுக்கிற யூவி என்கிற புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் தரம். வெள்ளையாக இருக்கும் லென்ஸ்கூட அதைத் தடுக்கலாம், மை மாதிரிக் கறுத்த லென்ஸ் தடுக்காமலும் போகலாம். தடுக்காத கறுப்பு, கண்ணாடியே போடாததைவிட மோசம். இருட்டு வந்துவிட்டது என்று கண்மணி ஏமாந்து அகலமாகத் திறந்துகொள்ளும். திறந்த வழியாக எல்லாம் உள்ளே போகும். வலிக்காது. கூசாது. அதுதான் பயம்.

எங்கள் கடையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கூலிங் கிளாஸ் வாங்க வந்தவர் இரண்டு மனதாக நின்றால் அவரை வாசற்படிக்குக் கூட்டிக்கொண்டு போவோம். "அப்படியே மேல பாருங்க சார். கண்ணு கூசுதா?" என்போம். அவர் வெயிலை அண்ணாந்து பார்ப்பார். "கூசவே இல்லப்பா" என்பார். வியாபாரம் முடிந்தது. அண்ணாச்சி ஊரிலிருந்து வந்து கடை போட்ட நாளிலிருந்து இருந்த பழக்கம். மாடவீதியில் பிற்பகல் வெயில் நேராக எங்கள் வாசலில்தான் விழும். அது சுவாமி கொடுத்த விளம்பரம் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார்.

இந்த வாசல் வித்தையில் எங்களில் கெட்டிக்காரர் முருகேசன். என்னைவிட வயதில் இளையவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பேச்சிலேயே ஆளைக் கட்டிப்போட்டுவிடுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி அமாவாசை. காலையில் சூரிய கிரகணம். கோயில் நடை சாத்திவிட்டார்கள். கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் கடை திறப்பது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். என் நட்சத்திரத்துக்கு அந்தக் கிரகணம் ஆகாது, வெளியே தலை காட்ட வேண்டாம் என்று குருக்கள் முந்தின நாளே எச்சரித்திருந்தார். நான் இதையெல்லாம் நம்புகிறவன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஜன்னல்களைச் சாத்தி, தண்ணீர்க் குடத்திலும் தயிரிலும் தர்ப்பை போட்டு, சுவாமி படத்துக்கு முன் உட்கார்ந்து கந்தனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முருகேசன் போன் செய்தார். கடை எப்போது திறப்பது என்று கேட்கத்தான். கேட்டுவிட்டு உற்சாகமாக ஒன்று சொன்னார்.

"அண்ணே, நேத்து நீங்க சீக்கிரம் கிளம்பிட்டீங்களே, நம்ம வேளச்சேரி ரமேஷ் சார் வந்தாரு. ஒரே ஆளு, ஆறு பீஸ்! எல்லாம் ட்ரேல கடைசியில கெடந்தது பாருங்க, அந்த அட்டக் கறுப்பு."

"அதுவா? அதுல யூவி ஸ்டிக்கர்கூட கிடையாதே. ஆறு எதுக்காம்?"

"கிரகணம் பாக்கத்தான். அவரு பொண்ணு, அபார்ட்மென்ட் பசங்க எல்லாம் மொட்டைமாடியில நின்னு பாக்கறாங்களாம். வாசலுக்குக் கூட்டினு வந்து காட்டினேன். நேரா பாத்தாரு. கூசவே இல்ல, பிரமாதம்னு எடுத்துக்கிட்டாரு."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"முருகேசா, சூரியனைப் பாக்கறதுக்கா குடுத்த?"

"நான் கூசுதான்னுதான் அண்ணே கேட்டேன்..." என்றார். குரல் பாதியில் இறங்கிவிட்டது. அவருக்கும் உறைத்துவிட்டது.

ரமேஷ் சார் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. மயிலாப்பூரில் குடியிருந்தபோது பழக்கம், பெருங்குடிப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து வேளச்சேரியில் ஃபிளாட் வாங்கிப் போன பிறகும் எங்களைத்தான் தேடி வருவார். அவர் மகள் அனன்யாவுக்கு முதல் கண்ணாடி மாட்டிவிட்டது நான்தான். நம்பர் என்னிடம் இருந்தது. அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் மாடிக்குப் போயிருப்பார்கள் என்று தோன்றியதும், அந்தக் குழந்தை அண்ணாந்து நிற்கிற மாதிரி கண்ணுக்குள் வந்துவிட்டது.

சட்டையை மாட்டினேன். என் மனைவி கோமதி வாசலை மறித்தாள்.

"கிரகணம் பிடிச்சாச்சு. எங்க கிளம்பறீங்க? குருக்கள் சொன்னது மறந்துபோச்சா?"

"ரமேஷ் சார் பொண்ணு கோமதி. நம்ம கடைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சூரியனைப் பாக்கப் போகுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குடத்திலிருந்த தர்ப்பையில் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் வைத்து, நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினாள். "தலையை நிமிராதீங்க" என்றாள்.

தெருவில் ஈ காக்கை இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன், வெயில் வெயிலாகவே இல்லை. மேகம் இல்லாமலே மங்கிப்போய், தகரத்தில் பட்டுத் திரும்பிய மாதிரி ஒரு வெளிச்சம். என் நிழல் சாலையில் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக விழுந்தது. எப்போதும் நெரியும் வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் எனக்குக் குறுக்கே ஒரு வண்டியும் வரவில்லை. அந்த இடத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. வாய் விட்டு "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே போனேன். என் நட்சத்திரத்துக்கு ஏதாவது ஆகட்டும், அந்தக் குழந்தை கண்ணைக் கொடு என்றுதான் கேட்டேன்.

அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு.

"இன்னா சார், ஊரே கதவை மூடிகினு கீது, நீ வண்டி ஓட்டிகினு வர்ற?"

"ரமேஷ் சார் எங்க?"

"மேலதான். புள்ளைங்கோ எல்லாம் அங்கதான் கீது. நான் போகல நைனா, எனக்கு ஒரு கண்ணு ஏற்கெனவே புரை."

லிஃப்ட் மேலே நின்றிருந்தது. காத்திருக்க முடியவில்லை. படியில் ஏறினேன். மூன்றாவது மாடி வருவதற்குள் மூச்சு நெஞ்சில் முட்டியது. மேலே பிள்ளைகள் கத்துவது கேட்டது. சந்தோஷமாகக் கத்தினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்குத் தூக்கிப் போட்டது.

மொட்டைமாடிக் கதவைத் தள்ளினேன். ரமேஷ் சார் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் அனன்யாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாக, தரையைப் பார்த்தபடி நின்றார்கள். கறுப்புக் கண்ணாடிகள் எல்லாம் அவர் கையிலேயே இருந்தன. பக்கத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர், எதிர் ஃபிளாட்டுக்காரர், மொபைலில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடடே, சபாபதி அண்ணே! நீங்களும் பாக்க வந்துட்டீங்களா?" என்றார் ரமேஷ் சார்.

"யாராவது பாத்துட்டாங்களா சார்? புள்ளைங்க யாராவது?"

"இல்லண்ணே. இனிமேதான். அதெல்லாம் சும்மா விட்டுடுவேனா? நானே முதல்ல போட்டு டெஸ்ட் பண்ணேன். நல்லா பாத்தேன், ரெண்டு மூணு தடவை. கண்ணு கொஞ்சம்கூட கூசல. சரி, சேஃப்தான்னு இப்பதான் இவங்களுக்குக் குடுக்கப் போறேன். உச்சம் வர்ற நேரம்."

பிள்ளைகள் பார்க்கவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன மற்றது அப்போது என் காதில் ஏறவே இல்லை.

"வேண்டாம் சார். பாக்க வேண்டாம். எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போயிடுங்க."

எதிர் ஃபிளாட்டுக்காரர் என் நெற்றியைப் பார்த்தார், சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தர்ப்பையைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"என்ன மாமா, ராகு வந்து கடிச்சிடுமா?"

பிள்ளைகளும் சிரித்தார்கள். ரமேஷ் சார் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஆனால் என் தோளில் கை வைத்து, "அண்ணே, உங்க நம்பிக்கை உங்களுக்கு. நான் தப்பு சொல்லல. புள்ளைங்க சயின்ஸ் தெரிஞ்சுக்கட்டும், பயமுறுத்தாதீங்க" என்றார்.

இந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். நான் கடைக்காரனாக ஓடி வந்திருக்கிறேன். அவர்கள் கண்ணுக்கு நான் விபூதி பூசிய ஒரு பயந்தாங்கொள்ளி. நான் எதைச் சொன்னாலும் அது ராகு, கேதுவாகத்தான் அவர்கள் காதில் விழும். நேரம் போய்க்கொண்டிருக்கிறது. "அப்பா, குடுப்பா, முடிஞ்சிடப் போகுது" என்று அனன்யா கையை நீட்டுகிறாள்.

என் சாவிக்கொத்தில் ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்ன டார்ச் ஒன்று உண்டு. கள்ள நோட்டு பார்ப்பதற்குக் கல்லாவில் வைத்திருப்போமே, அதேதான். கூலிங் கிளாஸைச் சோதிக்கவும் அதைப் பயன்படுத்துவோம். இருட்டான இடத்தில் நோட்டின் மேல் அடித்தால் அதிலுள்ள எண் மினுமினுக்கும். நடுவில் நல்ல லென்ஸைப் பிடித்தால் மினுமினுப்பு நின்றுவிடும். மோசமான லென்ஸ் என்றால் நிற்காது.

"சார், ஒரே ஒரு விஷயம் காட்டறேன். பாத்துட்டு உங்க இஷ்டம்" என்று படிக்கட்டு அறைக்குள் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகளும் கூடவே வந்துவிட்டார்கள். அந்த வரைக்கும் நல்லதுதான். என் பையிலிருந்த ரூபாய் நோட்டை அவர் கையில் கொடுத்து டார்ச்சை அடித்தேன். எண் மினுங்கியது. அவர் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை நடுவில் பிடித்தேன். அப்போதும் மினுங்கியது.

"பாருங்க சார். எதையுமே இது தடுக்கல. வெறும் சாயம்."

அவர் நோட்டைக் கொஞ்சம் ஓரமாகப் பிடித்து, தலையையும் சாய்த்துப் பார்த்தார். "ஆமா, மின்னுது" என்றார். முகம் மாறிவிட்டது. "ஐயோ, இதையா குழந்தைக்குக் குடுக்க இருந்தேன்" என்று என் கையில் இருந்ததையும் வாங்கி எல்லாவற்றையும் மூலையில் போட்டார். எனக்கு உயிர் வந்தது. ஆண்டவன் காப்பாற்றினான் என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற அந்த நிமிடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் பாதியைத்தான் நிரூபித்திருந்தேன்.

ரமேஷ் சார் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த தன்னுடைய கூலிங் கிளாஸைக் கழற்றினார். விலை உயர்ந்தது. கோடைக்கு நான்தான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அதை டார்ச்சுக்கு நடுவில் அவரே பிடித்தார். எண் அணைந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"சூப்பர்ணே! இது பாஸ். நீங்க குடுத்ததாச்சே. அனு, இந்தா, இதைப் போட்டுக்கோ. ஒவ்வொருத்தரா பாருங்க."

தன் பவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கதவு வழியாக அவள் ஓடிவிட்டாள். அப்பாவின் கண்ணாடி அந்தச் சின்ன மூக்கில் நிற்காமல் சரிந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கினாள்.

என்ன ஓட்டம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பின்னாலிருந்து அவள் கண்களின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டேன். குழந்தை வீறிட்டு அலறியது. கண்ணாடி கீழே விழுந்தது.

"என்னண்ணே பண்றீங்க! கையை எடுங்க!" ரமேஷ் சார் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எதிர் ஃபிளாட்டுக்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "யோவ், குழந்தை மேல கை வைக்கிறியா? வாட்ச்மேன்!"

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் முடிந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில், தலையைக் குனிந்துகொண்டு, அடுத்தவர் பெண்ணின் கண்ணைப் பொத்திக்கொண்டு, என்ன சொன்னால் இவர்கள் நம்புவார்கள் என்று தெரியாமல் நின்றேன். யூவி என்றால் அதைத்தான் தடுத்துவிட்டதே என்பார். கண்ணுக்குள் போவது யூவி மட்டுமில்லை, சூரியனின் வெளிச்சமே சுடும், வெயிலில் நடக்கத்தான் இந்தக் கண்ணாடி, சூரியனைப் பார்க்க இல்லை என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தச் சாய்ப்பு ஞாபகம் வந்தது. ரமேஷ் சாருக்குப் பார்வை நன்றாக இருக்கும். நோட்டை நேராகப் பிடித்துப் பார்ப்பவர். சற்று முன் ஏன் அதை ஓரமாகப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்? எத்தனை வருடமாக மனிதர்கள் பார்க்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொருளை நடுவில் பார்க்க முடியாதவர்தான் அப்படி ஓரத்தால் பார்ப்பார்.

அதுவரை குழந்தைக்காகப் பயந்தேன். இப்போது வேறு பயம்.

"சார், உங்க கையில நோட்டு இருக்கு. அதுல இருக்கற நம்பரைப் படிங்க. நேரா வச்சுப் படிங்க."

"இப்ப அதுவா முக்கியம்? கையை..."

"படிச்சிட்டீங்கன்னா கையை எடுத்துடறேன். முருகன் மேல சத்தியம்."

கோபத்தோடு நோட்டைத் தூக்கினார். பார்த்தார். கண்ணைச் சிமிட்டினார். கசக்கினார். மறுபடி பார்த்தார். நோட்டை இடது பக்கம் நகர்த்தினார்.

"ஒரு புள்ளி மாதிரி மறைக்குது. ஃப்ளாஷ் அடிச்ச மாதிரி. கொஞ்ச நேரத்துல போயிடும்."

"எப்பலேர்ந்து சார்?"

"பாத்ததுலேர்ந்து..." என்றார். அப்படியே நிறுத்திவிட்டார்.

காலரைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. அவர் நோட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், பெண்ணைப் பார்க்கிறார். அந்த முகத்தில் பயம் ஏறியதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மெதுவாக முட்டி போட்டு உட்கார்ந்து, என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"அனு, அப்பா சொல்றேன். கண்ணை மூடிக்கோ. திறக்காத. எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. தலையைக் குனிங்க. கீழ போலாம்."

பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு படிக்கட்டு அறைக்குள் போனோம். எதிர் ஃபிளாட்டுக்காரர்தான் கதவைச் சாத்தினார்.

அது பழைய தகரக் கதவு. துருப்பிடித்துச் சின்னச் சின்ன ஓட்டைகள். சாத்தியதும் எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. விழுந்தவை எல்லாம் பிறை பிறையாக இருந்தன. எத்தனை ஓட்டையோ அத்தனை பிறை. "அப்பா, சூரியன்! குட்டி குட்டியா!" என்று கத்தினாள் அனன்யா. பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், கையில் பிடித்தார்கள். கிரகணச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். சுவரில் பார்ப்பது அதில் சேருமா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ரமேஷ் சார் மட்டும் படியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடுவார், திறப்பார், மற்றக் கண்ணை மூடுவார். "போயிடும்ல அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போய்விடும் என்று சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது.

அன்றைக்கே அவர் மனைவி அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். பிள்ளைகளையும் சோதித்தார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ரமேஷ் சாருக்குக் கண்ணின் பின்பக்கம், நட்ட நடுவில், சுட்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும். அங்கே வலி தெரியும் நரம்பே கிடையாதாம், அதனால்தான் சுடும்போது தெரிவதில்லை என்றார் டாக்டர். மருந்து இல்லை. தானாகக் குறையலாம், குறையாமலும் இருக்கலாம், காத்திருக்க வேண்டும். நம் எல்லாருக்கும் நடக்கிற தப்புதான் அவருக்கும் நடந்தது. பெண்ணுக்குக் கொடுப்பதற்கு முன் தான் சோதித்துப் பார்த்தார். கூசவில்லை என்பதையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சோதனையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முருகேசன் லென்ஸ் வெட்டும் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார், சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அண்ணாச்சி எழுந்து, ஸ்டிக்கர் இல்லாத பீஸ் எல்லாவற்றையும் தன் கையாலேயே மூட்டை கட்டினார். "ஏலே, இனிமே ஒருத்தனும் வாசல்ல நிக்க வச்சு மேல பாக்கச் சொல்லப்படாது. ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க. ரோட்டை மட்டும்" என்றார். அன்று மாலை கோயில் நடை திறந்ததும் தனியாகப் போய்விட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கும் அதுதான். வருகிறவரை எதற்கு என்று முதலில் கேளுங்கள். வண்டி ஓட்டவா, வெயிலில் நின்று வேலை பார்க்கவா, கடற்கரையில் நடக்கவா, ஆபரேஷன் ஆன கண்ணா? கேட்டுவிட்டு எடுங்கள். சூரியனைப் பார்க்க என்று சொன்னால் கடையில் இருக்கிற எதையும் தொடாதீர்கள். வியாபாரம் போனால் போகட்டும். பெரிய லென்ஸாக, முகத்தோடு ஒட்டி உட்காருவதாக, மேலேயும் பக்கத்திலும் வெளிச்சம் நுழையாததாகப் பாருங்கள். சாம்பல் நிறம், பழுப்பு நிறம் போதும், அதில் சிக்னல் நிறம் மாறித் தெரியாது. குழந்தைக்குப் பெரியவர்களுடையதை மாட்டிச் சமாளிக்கச் சொல்லாதீர்கள். டார்ச் அடித்துக் காட்டினால், அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள். நான் ஒன்றைத்தான் சொன்னேன்.

அடுத்து வந்த கோடையில் ரமேஷ் சார் அனன்யாவோடு கடைக்கு வந்தார். அவளுக்கு ஒரு கூலிங் கிளாஸ் வேண்டும் என்றார். முருகேசன் ட்ரேயைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டார், நானே எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தை அனன்யா அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் விரலால் ஃபிரேமின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, அவள் கன்னத்தில் எங்கே இடைவெளி விடுகிறது என்று தொட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆபீஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாராம். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாராம். கொஞ்சம் குறைந்திருக்கிறது, இனிமேல் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

பேசும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு வெளியே எதையோ பார்த்துப் பேசினார். கோபம் போகவில்லை போலிருக்கிறது, முகம் கொடுக்க மனமில்லை என்று நினைத்தேன். நியாயம்தானே. ஆனாலும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று, அவர் பார்வை விழுந்த பக்கமாக ஒரு அடி நகர்ந்து, நேருக்கு நேர் நின்றேன்.

அவர் சட்டென்று கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தார்.

"நகராதீங்கண்ணே. முன்னாடி நின்ன இடத்துலயே நில்லுங்க. அங்க இருந்தாதான் உங்க மூஞ்சி தெரியுது."